அம்மாவின் கைமணம்

மலாக்காவிலேயே பேர்போன அந்த உணவகத்தில், அசாம் பெடாஸை ஒரு வாய் வைத்ததுமே ரஸ்லான் முகத்தைச் சுளித்தான்.

"இது மீன் குழம்பா, மீன் கழுவின தண்ணியா? இதுக்கா இவ்ளோ பேரு வரிசைல நிக்கிறானுங்க?"

"நல்லாத்தானேங்க இருக்கு?" என்றாள் மனைவி ரொஹாயா.

"உன் நாக்குக்கு இதுவே அதிகம்! எங்கம்மா வச்சா புளிப்பும் காரமும் சும்மா மண்டைக்கு ஏறும். கட்டிக்கிட்டு இத்தனை வருஷமாச்சு, உனக்கும் அது வரல. நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போய்த்தான் நாக்கைத் தேத்திக்கணும்."

பணம் கட்டக் கல்லாவுக்குப் போன ரொஹாயா அப்படியே நின்றுவிட்டாள். அங்கே மாமியாரின் ரோஜாப்பூ போட்ட பழைய டிபன் கேரியர்!

"அதுவா? ஞாயித்துக்கிழமையானா அந்தம்மாவோட மகன் சாப்பிட வருவாராம். முதல் நாளே கேரியரைக் குடுத்து வச்சு, இதே குழம்பைத்தான் வாங்கிட்டுப் போவாங்க," என்றாள் கடைக்காரி.

மறுநாள் அம்மா வீட்டில் ரஸ்லான் விரலை நக்கினான். "இதுல்ல குழம்பு! போய் அம்மாகிட்ட கத்துக்கடி."

ரொஹாயா அடுப்படிக்குப் போனாள். மாமியார் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்த மாதிரி கேரியர் எங்க கிடைக்கும்? எனக்கும் ஒண்ணு வேணும்."

மாமியார் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"புதுசு எதுக்கு? இதையே எடுத்துக்கோ. எனக்கும் என் மாமியார் குடுத்ததுதான்."