சிவப்புக் காளான் குழம்பு

"யோவ், அந்தச் செவப்புக் காளான் வெசமாம்யா. காலேஜ்ல செடிகொடி பாடம் நடத்தற ஐசக் சாரு இப்பத்தான் சொன்னாரு."

புஷ்பம் வாசலில் நின்று இதைச் சொன்னபோது, அவள் புருஷன் லாசரஸ் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுத் தட்டையும் வழித்து முடித்திருந்தான்.

காளானைக் கொண்டுவந்தவனே அவன்தான். மெழுகு பூசினாற்போல் பளபளவென்று, சிவப்பும் மஞ்சளுமாய், குடைக்கு அடியில் விசிறி மடிப்போடு அத்தனை அழகு. அழகானது கெடுதல் செய்யாது என்று நாற்பது வயதிலும் நம்புகிற ஆள். தான் வேலை செய்யும் கல்குவாரிக்குப் பின்னால் முளைத்தது என்று சொல்லி, குழம்பு வைக்கச் சொல்லி நேற்று உத்தரவு போட்டிருந்தான்.

உடனே வயிறு பிசைந்தது. உள்ளங்கால் சில்லிட்டது. பெயர்தான் லாசரஸ், பைபிளில் வரும் லாசரஸைப் போலப் புதைத்த நாலாம் நாள் எழுந்து வருகிற யோகமெல்லாம் தனக்குக் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகக் கை ரிக்‌ஷா கூப்பிடட்டுமா என்று புஷ்பம் கேட்டாள். அதற்கு முன்னால் ஒரு பாவத்தை இறக்கிவைக்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"குவாரில என்னை வேலைய வுட்டு நிறுத்தி மூணு வாரம் ஆவுது, புஷ்பம். லாரி நெழல்ல தூங்கிட்டேன்."

தினமும் சோற்றுத் தூக்கோடு கிளம்பித் திருநீர்மலை அடிவாரத்தில் படுத்துக் கிடந்ததையும், காளான் அங்கே கிடைத்ததையும், மேஸ்திரி கூலியைப் பிடித்துவைத்திருக்கிறார் என்றது பொய் என்பதையும் அழுதுகொண்டே சொன்னான். கூலி வராத வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது என்று கேட்க மட்டும் அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வேளைக்குச் சோறு வந்தது, சாப்பிட்டான்.

"நான் பூட்டா உனக்கு யாரு சோறு போடுவாங்க?" என்று விம்மினான்.

புஷ்பம் தட்டைக் கழுவ எடுத்தாள்.

"நீ எங்கியும் போவ மாட்டே. காளான நேத்தே குப்பையில கொட்டிட்டேன். நீ தின்னது கத்திரிக்கா. ஐசக் சாரு ஒண்ணும் சொல்லல. மூணு வாரமா நீயே வாயத் தொறப்பேன்னு பாத்தேன், தொறக்கல."

கத்திரிக்காய்க்கும் காளானுக்கும் வித்தியாசம் தெரியாத தன் நாக்கை நொந்துகொண்டு, "உனக்கு எப்புடித் தெரியும்?" என்றான்.

"காலையில நீ சோத்துத் தூக்க எடுத்துகினு கெளம்பினதும் நானும் குவாரிக்குக் கெளம்பிடுவேன். உன் எடத்துல மூணு வாரமா ஜல்லி ஒடைக்கறது நான்தான்யா."