சென்னையிலிருந்து காரோடு வரை

"சென்னையில இருந்து திருவனந்தபுரத்துக்கு ஆகாச வழி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல உண்டு மாமி. பிளேன்ல ஒண்ணரை மணிக்கூர் ஆக்கும். ராத்திரி வந்திருவேன்," என்றான் மருமகன் நிபின், போனில்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, காரோடு ஊரிலிருந்த வீட்டில், மகள் ரெஜிலாவின் போனைக் காதில் வைத்திருந்த சரோஜத்துக்கு மனசு ஆறவில்லை.

"உனக்கு மட்டும் பிளேனா மக்கா? அவனையும் கூட்டிட்டு வந்தா என்ன?"

"அவன் விடியக்காலமே கிளம்பியாச்சு. தனியா வந்து பழகட்டும்."

"போன மாசம் போன ரெண்டு பேரும் இன்னும் திரும்பல்ல. ஆரல்வாய்மொழிப் பக்கம் நல்ல காத்தும் மழையும் உண்டு. இவனுக்கு வழி தெரியுமா?"

"தெரியும் மாமி," என்றான். குரலில் உறுதி இல்லை.

ரெஜிலா மத்தியானம் சாப்பிடவில்லை. அவனைக் கையால் ஊட்டி வளர்த்தவள் அவள்தான். மதுரைக்கு அப்பாலிருந்து அவன் தனியாக வந்ததே இல்லை. மொட்டைமாடியில் ஏறி வடகிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை பிடித்தது. குடையோடு வந்த சரோஜமும் பக்கத்தில் நின்றாள்.

இருட்டத் தொடங்கும்போது தென்னைகளுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. அது வீட்டை ஒருமுறை சுற்றி, தாழ்ந்து, ரெஜிலாவின் தோளில் வந்து உட்கார்ந்தது. காலையில் நிபின் சென்னையில் பறக்கவிட்ட சாம்பல் புறா.

"வந்துட்டியாலே," என்றாள் ரெஜிலா.

சரோஜம் புறாவின் மார்பில் விரலை வைத்தாள். அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இத்தனை மலையையும் ஊரையும் தாண்டி, இந்த ஒரு வீட்டை எப்படி மக்கா கண்டுபிடிச்சான்?"

"தெரியல்ல அம்மா."

சேலைத் தலைப்பால் அதன் சிறகைத் துடைத்துவிட்டாள் சரோஜம். பிறகு அது வந்த திசையைப் பார்த்தபடி, குடையை மறந்து, மழையில் அப்படியே நின்றாள்.