கணக்கு சொல்லிக்கொடுத்த பெட்டி

"வானம் கருத்துக்கினு வருது சார். இன்னைக்காவது அந்த ரூமைத் தெறந்து உடுங்க. மூணாங்கிளாஸ் புள்ளைங்க மரத்தடியில நனையுதுங்க" என்றாள் காந்திமதி டீச்சர்.

"புள்ளைங்க நனைஞ்சா காய்ச்சல் வரும். கம்ப்யூட்டர் நனைஞ்சா எனக்கு மெமோ வரும்" என்றார் தலைமையாசிரியர் தசரதன்.

பென்னலூரைத் தாண்டி ஏரிக்கரையோரம் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில், ஒழுகாத அறை ஒன்றே ஒன்றுதான். 1987 ஜூனில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அதில் ஒரு கம்ப்யூட்டர் வந்து குடியேறியது. சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் அதுவே சொல்லிக்கொடுக்குமாம். அதற்கு மேசை, வெல்வெட் துணி, பூட்டு. அதுவரை அங்கே இருந்த முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு வேப்பமரம்.

இப்போது ஐப்பசி. அறையைத் திரும்பக் கேட்டுக் காந்திமதி மூன்று மனு எழுதிவிட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில்: 'இயந்திரத்தின் பாதுகாப்பே முக்கியம்.'

ஜீப் வந்து நின்றது. கல்வி அதிகாரி பாண்டுரங்கன் இறங்கினார். கம்ப்யூட்டர் திட்டம் அவருடையது. நடையிலேயே அது தெரிந்தது.

"நீங்க சும்மா இருங்க சார், நான் பேசிக்கிறேன்" என்று தசரதனிடம் கிசுகிசுத்தாள் காந்திமதி.

பாண்டுரங்கன் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனார். வெல்வெட்டை விலக்கினார். திரையின் நடுவே இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"விஞ்ஞான யுகம், தசரதன்! மூடநம்பிக்கைக்கெல்லாம் இனிமே இடமில்லை. எங்கே, ஆன் பண்ணுங்க."

தசரதன் காந்திமதியைத் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை, மணி பதினொண்ணு சார்" என்றாள் காந்திமதி. "ராகு காலம்."

நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார் பாண்டுரங்கன். "அப்ப வேணாம், வேணாம். காஸ்ட்லி ஐட்டம். புள்ளைங்களையே கேட்டுப் பார்த்துடலாம்."

மரத்தடிக்கு வந்து, முன்வரிசையில் இருந்த லீலாவை எழுப்பினார். "பஸ்ல நாப்பத்தெட்டு பேர். தண்டலத்துல பதினேழு பேர் இறங்கி, ஒன்பது பேர் ஏறினா எத்தனை?"

"நாப்பது சார். டிரைவரு, கண்டக்டரைச் சேத்துக்கினா நாப்பத்திரண்டு."

"சபாஷ்! டிரைவரைக்கூட விடலை பாருங்க! இதான்யா ப்ரோக்ராம்!"

பெருக்கல், வகுத்தல் எல்லாம் கேட்டார். பிள்ளைகள் ஒன்றையும் விடவில்லை.

"கம்ப்யூட்டர் வந்ததுலேருந்து இப்படித்தான் சார். மழைன்னாலும் வெயில்னாலும் கணக்குதான்" என்றாள் காந்திமதி.

பாண்டுரங்கன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பார்த்தீங்களா டீச்சர், நீங்க இத்தனை வருஷமா செய்யாததை அது நாலு மாசத்துல செஞ்சிடுச்சி."

"ஆமாம் சார்" என்று அடக்கமாகத் தலைகுனிந்தாள்.

அவர் யோசித்தார். "அடுத்த வாரம் காஞ்சிபுரத்துக்கு மந்திரி வர்றாரு. இப்பேர்ப்பட்ட மிஷினை இந்தக் காட்டுல வெச்சா யாரு பார்ப்பாங்க? நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"ஐயோ சார், புள்ளைங்க ஏங்கிப் பூடும்!" காந்திமதி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"பொதுநலம்தான்மா முக்கியம்" என்றார் பாண்டுரங்கன். ராகு காலத்தில் ஒன்றைத் தொடங்கத்தான் கூடாது, எடுத்துப்போகலாம் என்று விளக்கமும் சொன்னார். கம்ப்யூட்டர் வெல்வெட்டோடு ஜீப்பில் ஏறியது.

முதல் தூறல் விழும்போது முப்பத்திரண்டு பிள்ளைகளும் அறைக்குள் இருந்தார்கள்.

தசரதனுக்குத்தான் பயம் தீரவில்லை. "ஏம்மா, மந்திரி எதிர்ல அது வேலை செய்யலன்னா இன்னா ஆவுறது?"

"ஏன் சார் செய்யாது? காஞ்சிபுரத்துல கரண்டு இருக்குதே!" என்றாள் காந்திமதி. "நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான் இன்னும் கம்பமே நடல."