கீழ்த் தட்டு ரிமோட்

"அது மாமாவுக்கு வேணாங்க. கீழ்த் தட்டுல ஒண்ணு இருக்கே, அதை எடுங்க" என்றார் என் கணவர்.

கடைக்காரர் கையில் இருந்தது பளபளவென்று, உள்ளங்கைக்குள் அடங்கும் ரிமோட். மாடல் விமானம் ஓட்டப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இப்போது அதைத்தான் வாங்குகிறார்களாம்.

கீழ்த் தட்டில் இருந்தது தூசி படிந்த கறுப்பு டப்பா. நல்ல கனம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வார். விலை பாதிதான்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நின்ற அப்பா நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர். முட்டி வலி என்று போன வருஷம் க்ளினிக்கை மூடினார். அதிலிருந்து வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், போன ஞாயிற்றுக்கிழமை இவர் மைதானத்தில் விமானம் விடுவதைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "நானும் ஒரு தடவை ஓட்டலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

எங்களிடம் எதுவுமே கேட்காத மனுஷர் முதல்முறையாகக் கேட்டது இது. அதற்கா இந்தத் தூசி டப்பா?

இத்தனைக்கும் இவருடைய ரிமோட் மெத்தை வைத்த பெட்டியில் தூங்கும். என்னைத் தொடக்கூட விடமாட்டார்.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தையே பார்த்தார். விலைச் சீட்டைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

"ஏங்க, மானம் போகுது. புதுசையே வாங்கித் தரலாம்ல?" காதோடு சொன்னேன்.

"விமானத்தைத் திருப்புற குச்சி அதுல ரொம்ப லேசு. தொட்டாலே ஓடும்."

"நல்லதுதானே?"

"இதையே பில் போடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

பல்லைக் கடிக்காதே, தேய்ந்துபோகும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அன்று நன்றாகவே கடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த கூத்து. சாப்பாட்டு மேஜையில் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கி ஒரு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள பிரிச்சாச்சா?"

"கொஞ்சம் சரி பண்றேன்."

"சரி பண்ற மாதிரி ஒண்ணை எதுக்கு வாங்கணும்?"

ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தார். அவருக்கு வாய் ஒரு அலங்காரம்தான்.

மூன்று வாரம் அப்பா அந்த டப்பாவைக் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டு பழகினார். திரையில் விமானம் மரத்தில் மோதும், வயலில் விழும், அப்பா மறுபடி ஏற்றுவார். சாப்பிடக் கூப்பிட்டால், "இறங்கிட்டு வரேன்" என்பார். அவர் முகத்தில் அந்தக் களையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

நான்காவது ஞாயிறு மைதானத்துக்குப் போனோம்.

அப்பா வாரைக் கழுத்தில் மாட்டி, டப்பாவை வயிற்றோடு அணைத்து, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். இவர் அரை அடி பின்னால் நின்றார். விமானம் ஓடியது, எழும்பியது. மேலே போய்க் கோடு போட்டது போல நேராகப் பறந்தது. திரும்பி வந்தது. ஒரு குலுக்கல் இல்லாமல் புல்லில் இறங்கியது.

எல்லாரும் கை தட்டினார்கள். "டாக்டர் கை டாக்டர் கைதான்" என்றார் ஒருவர்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் என் அப்பா என்று ஊருக்கே கேட்கச் சொல்லவேண்டும் போல இருந்தது.

அப்பா டப்பாவைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நேராகக் காருக்குள் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கேப்டன் வந்தார். அவர் கப்பலையும் ஓட்டியதில்லை, நிஜ விமானத்தையும் ஓட்டியதில்லை. வாய்க்காகக் கிடைத்த பட்டம் அது.

"நானும் ஒரு ரவுண்டு விடறேன்" என்று டப்பாவை வாங்கி மாட்டியவர், விமானம் ஏறியதுமே கத்த ஆரம்பித்தார். "என்னய்யா இது, குச்சி கல்லு மாதிரி இருக்கு? லேசா அசைச்சா விமானம் கண்டுக்கவே மாட்டேங்குது. அழுத்தித் தள்ளினாத்தான் திரும்புது. யார் செட் பண்ணது?"

"நான்தான்" என்றார் இவர்.

"இருபது வருஷமா விமானம் விடறே. இதுகூடத் தெரியலையா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சார்."

மைதானமே சிரித்தது. கூடவே இவரும் சிரித்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று காருக்குப் போனேன்.

"கேட்டீங்களாப்பா? மட்டமா ஒண்ணை வாங்கி, அதையும் கெடுத்துக் குடுத்திருக்கார். நாளைக்கே நான் உங்களுக்கு அந்தப் புதுசை வாங்கித் தரேன்."

அப்பா மடியில் இருந்த வலது கையை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

விரல்கள் நடுங்கின. கட்டை விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"க்ளினிக்கை மூடினது முட்டி வலியால இல்லம்மா."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளும் அது நடுங்கியது.

"அவர்கிட்ட மட்டும் சொன்னீங்களாப்பா?"

"யார்கிட்டயும் சொல்லல. அவரும் இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

வெளியே கேப்டன் இன்னும் கிண்டலை விடவில்லை. அப்பா கண்ணாடி வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேர் சிரிக்கிறாங்க. என் கையைக் காட்டிக் கொடுக்காம நிக்கறார் பாரு, உன் புருஷன்."