இடம் மாறிய துணிக்கொடி

“துணி காயப்போட உனக்கு வேற இடமே கிடைக்கலையா?”

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மொட்டை மாடியின் கிழக்கு மூலையில் அவர் தினமும் பைனாகுலரோடு உட்காரும் இடத்தில், மனைவி புதிதாகக் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள்.

“இங்கதான் வெயில் நல்லா விழுது. நீங்க நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுக்குங்க” என்றாள்.

அவர் கவலை அவருக்கு. கடல் தாண்டி வலசை வரும் அபூர்வ வல்லூறு எந்த நாளும் வரலாம். ஏரி இருக்கும் கிழக்கிலிருந்துதான் வரும் என்பது அவர் கணக்கு. பறவை பார்ப்போர் சங்கத்தில், முதலில் யார் பார்த்தாரோ அவர் பெயர்தான் பதிவேட்டில் ஏறும். போன வருடம் இவர் சாதாரணப் பருந்தைப் பார்த்து ஊரைக் கூட்டியதில் ‘பருந்து கண்டக்டர்’ என்ற பட்டம்தான் மிஞ்சியது. அது ஒழிய வேண்டுமானால் இந்த முறை அவரே முதலில் பார்த்தாக வேண்டும்.

அதற்காகப் பொய் சொல்கிற ஆளும் இல்லை. பெற்ற மகனுக்கே டிக்கெட் கிழித்தவர்.

“ஒரு நாளாவது தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்திருக்கியா நீ?”

“நானும் வானத்தைப் பார்த்துட்டு நின்னா, அடுப்பை யாரு பார்க்கறது?”

கல்லுக்குள்ளாவது ஈரம் இருக்கும் என்று முணுமுணுத்தபடி நாற்காலியை மேற்குப் பக்கம் இழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை, எதிரே செல்போன் டவரின் உச்சியில் உட்கார்ந்திருந்தது வல்லூறு. கன்னத்தில் கறுப்பு மீசை, மஞ்சள் கால். சந்தேகமே இல்லை.

சங்கமே திரண்டு வந்தது. செயலாளர் பதிவேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டுக் கைகொடுத்தார். கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோருக்கும் டீ கொடுத்த மனைவி மட்டும் “அப்படியா, நல்லது” என்றதோடு சரி. அதுதான் அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

தேதியைக் குறித்து வைக்கலாமென்று சமையலறைக் காலண்டர் பக்கம் போனார். சிலிண்டர் மாற்றியது, பால்காரர் வராதது என்று அவள் கிறுக்கியவற்றுக்கு நடுவே, கொடி கட்டியதற்கு முந்தின நாள் கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்தது:

“அவரோட வல்லூறு வந்தாச்சு. மேற்கே, டவர் மேல. சொன்னா என் பேரை எழுதிடுவார். நாளைக்குக் கொடியை மாத்திக் கட்டணும்.”