மொட்டைமாடி உப்புமா

ஓடைக்கரை காலனி நினைவகத்தின் மெஷின், ஜனங்கள் வாயால் சொல்வதைப் பதிவு செய்வதோடு நிற்காது. அவர்கள் நாக்கு நினைவில் வைத்திருப்பதையும் எடுத்து, அப்படியே சமைத்துத் தட்டில் வைத்துவிடும்.

திறப்பு விழாவின் முதல் பலகாரம், பெருவெள்ளத்தன்று வேதவல்லி மொட்டைமாடியில் கிண்டிய ரவா உப்புமா. பேட்டி கொடுத்த அத்தனை பேரும் அதை "அமிர்தம்" என்றே சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் பேச்சும் அதுதான். அறுபது பேர் சாப்பிட்டார்கள், பாதிப் பேர் மறுபடி கேட்டு வாங்கினார்கள். அண்டாவைச் சுரண்டிக் கடைசிப் பிள்ளைக்குப் போட்டதில் அவளுக்குத்தான் ஒரு வாய்கூட மிஞ்சவில்லை.

இன்றுதான் முதல்முறையாக அதை அள்ளி வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

"என்னடி இது, உப்பே இல்ல! மெஷின் கெட்டுப்போச்சா?"

எதிர்வீட்டு லூர்துமேரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. கொட்டுற மழையில ஒரு கையில குடை, ஒரு கையில கரண்டின்னு நின்னீங்க. உங்ககிட்ட வந்து உப்பு இல்லன்னு எவ சொல்லுவா?"

"அப்புறம் எதுக்குடி ரெண்டாவது தடவை வாங்கித் தின்னீங்க?"

"பசி, அக்கா!"

கூடமே சிரித்தது. வேதவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மானம் போகலாமா? உள்ளே ஓடி உப்பு டப்பாவோடு வந்தாள்.

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்கள்.