ராட்டினக் கணக்கு

"என்னடா, ஒரு அணாவும் ராட்டினத்துக்கா?"

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகம் கேட்டதற்கு மூன்றாம் வகுப்புத் துரைக்கண்ணு பெருமையாகத் தலையாட்டினான்.

"ஆமா சார். நாலு காலணாவும் போச்சு."

வாத்தியார் சம்பத்குமார் பையனை முறைத்தார்.

பாவம், அவர் பாடு அப்படி. அந்தச் சின்னக் காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷமாகத் தற்காலிக உத்தியோகம். இன்றைக்கு இன்ஸ்பெக்டரின் பரீட்சையில் வகுப்பு முழுவதும் தேறினால் உத்தியோகம் நிரந்தரம். நிரந்தரமானால்தான் வாலாஜாபாத்தில் வத்ஸலாவின் அப்பா முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பார்.

பாடமோ வரவு செலவு. கருட சேவைக்கு வீட்டில் கொடுக்கும் ஒரு அணாவை எப்படிச் செலவழிப்பது என்று ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். தின்ன ஒரு காலணா, விளையாட ஒரு காலணா, வீட்டுக்கு ஏதாவது வாங்க ஒரு காலணா, உண்டியலில் சேர்த்துவைக்க ஒரு காலணா. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு திருவிழாவுக்குப் போயின.

"கலியாணசுந்தரம், நீ?"

"கடலை ஒரு காலணா, அம்மாவுக்கு மஞ்சள் ஒரு காலணா. பாக்கி ரெண்டும் உண்டியல் சார்."

"பேஷ். அம்ருதவல்லி?"

"நாலும் உண்டியல் சார். நான் ஒண்ணுமே வாங்கலை."

இன்ஸ்பெக்டர் பூரித்துப்போனார். "பார்த்தீரா சம்பத்குமார், குழந்தை என்றால் இது குழந்தை. உம்முடைய கணக்கு எப்படி?"

"அடியேனும் ஒரு தம்படி செலவழிக்கலை சார்" என்றார் சம்பத்குமார். சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேதான் சொன்னார்.

"அப்படித்தான் இருக்க வேண்டும். வாத்தியாரைப் பார்த்துத்தானே பிள்ளைகள்." இன்ஸ்பெக்டர் மறுபடி துரைக்கண்ணுவிடம் வந்தார். "ஏண்டா, நாலு தரம் சுற்றினாயே, தலை சுற்றவில்லையா?"

"நாலு தரம் இல்ல சார். ஒரே தரம்தான்."

"ஒரு தரத்துக்கு ஒரு அணாவா? ராட்டினக்காரன் உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான்."

"அவரு நல்லவரு சார். நாலு பெட்டியிலயும் ஆள் இருந்தாத்தான் சுத்துவேன், இல்லாட்டி ஒரு பக்கமா சாஞ்சிடும்னாரு. நான் ஒருத்தன்தான் உக்காந்துக்கினு இருந்தேன். எவ்ளோ நேரம் உக்கார்றது? கீழ அம்ருதவல்லி வாயைத் தொறந்துக்கினு பார்த்துக்கினு இருந்துச்சு. ஏறுன்னா, உண்டியல் காசு, தொட மாட்டேன்னுச்சு. நான் குடுத்தேன்."

அம்ருதவல்லி பலகையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கலியாணசுந்தரமும் அதையேதான் சொன்னான். அவனுக்கும் நான் குடுத்தேன்."

கலியாணசுந்தரத்துக்குத் திடீரென்று கூரையில் ஏதோ தெரிந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, நாலாவது பெட்டியில் யார்?"

வகுப்பில் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. பின்வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

துரைக்கண்ணு வாத்தியாரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"அது யாரோ வெளியூருக்காரரு சார். எனக்குத் தெரியாது. மடியில கையை விட்டுத் துழாவிக்கினு நின்னாரு, காசு இல்ல போல. ஆசையா இருந்தாரு, அதான் குடுத்தேன். ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும் கண்ணைக் கெட்டியா மூடிக்கினு 'வரதா, வரதா'ன்னு அலறிக்கினே இருந்தாரு."

அவ்வளவுதான். வகுப்பு வெடித்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள். என்ன ஏது என்று புரியாமலே இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சம்பத்குமார் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் கொதித்தது. அன்றைக்கு ராட்டினக்காரன் "ஏறுங்க சாமி, காசு ஆச்சு" என்றபோது, வாத்தியார் உத்தியோகத்துக்கு ஊரில் என்ன மரியாதை என்றல்லவா அவர் பூரித்துப்போயிருந்தார்!

இன்ஸ்பெக்டர் ஒருவழியாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். முகம் பழையபடி உத்தியோக முகமாகிவிட்டது.

"வேடிக்கையான பையன்தான். ஆனால் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் காசை இறைக்கிறவனை வரவு செலவில் தேறினான் என்று எழுத முடியுமா? இவன் ஒருத்தனால் உம்முடைய உத்தியோகம் போவானேன்? இவன் பெயரை எடுத்துவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் தேறினார்கள் என்று எழுதிவிடுகிறேன். உமக்கு நிரந்தரம். சம்மதம்தானே?"

தலையை ஆட்டினால் போதும். வாலாஜாபாத்தில் மேளம் கொட்டிவிடும்.

துரைக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியாரைக் காட்டிக்கொடுக்காமல் சமாளித்துவிட்ட சந்தோஷத்தில் அவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சம்பத்குமார் இரண்டடி முன்னால் வந்தார்.

"எடுக்கறதானா என் பேரை எடுத்துடுங்கோ சார். அந்த நாலாவது பெட்டியிலே கண்ணை மூடிண்டிருந்தது நான்தான்."